ட்ரிப் விழுந்தால் முதலில் பெட்டியைப் பார்ப்போம்

மழைக்காலத்தில் நமது லயங்களில் அடிக்கடி நடக்கும் சங்கதி இது. பின்னேரம் ஆறரை, ஏழு மணி இருக்கும். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மா அடுப்படியில் நிற்கிறார். பிள்ளை இஸ்தோப்பில் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. 'டக்' என்று ஒரு சத்தம். காம்பிரா முழுக்க இருட்டு. உடனே வீட்டில் ஒருவர் எழும்பிப் போய், மின்பெட்டியில் கைக்குத் தட்டுப்படுகிற பிடிகளையெல்லாம் மேலே தள்ளுவார். வெளிச்சம் வந்தால் சந்தோஷம். வராவிட்டால் இன்னும் பலமாகத் தள்ளுவார்.

அப்படித் தள்ளுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தப் பாடத்தில் நாம் சொல்ல வருவது. ட்ரிப் விழுந்தது என்றால் பெட்டி நமக்கு ஒரு சேதி சொல்லியிருக்கிறது என்று அர்த்தம். எந்தப் பிடி விழுந்தது, முழுசாக விழுந்ததா பாதியில் நிற்கிறதா, பக்கத்திலுள்ள சின்ன ஜன்னலில் என்ன நிறம் தெரிகிறது, இவைதான் அந்தச் சேதி. பிடியைத் தூக்கிய மறுகணமே அது அழிந்துபோகும். பிறகு எலக்ட்ரீசியன் வந்து "எது விழுந்துச்சு?" என்று கேட்டால், "தெரியாதுங்க, எல்லாத்தையும் போட்டு விட்டுட்டோம்" என்றுதான் சொல்ல முடிகிறது. நாங்கள் போன காம்பிராக்களில் பாதிக்கு மேல் இந்தப் பதில்தான் கிடைத்தது.

விளக்கு அணைந்ததும் பெண்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏங்க்கா, அங்க கரண்ட் இருக்கா?" என்று பக்கத்துக் காம்பிராவைப் பார்த்துக் கத்துவார்கள். இது சரியான கேள்வி. முதலில் கேட்க வேண்டியதும் இதுதான். லயம் முழுக்க, மேட்டு லயம், பணிய லயம் எல்லாம் இருட்டு என்றால் கோளாறு நமது வீட்டில் இல்லை, லைனில் இருக்கிறது. பெட்டியைத் தொடத் தேவையில்லை. எண்கள் வெளிச்சத்தில் ஓடும் புதிய வகை மீட்டர் உள்ளவர்கள் அதையும் ஒரு பார்வை பார்க்கலாம். அதன் முகம் செத்துக் கிடந்தால் பெரும்பாலும் வெளியிலிருந்தே கரண்ட் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மீட்டர் உயிரோடு இருந்து நமது காம்பிரா மட்டும் இருட்டானால், அப்போதுதான் நமது பெட்டிக்கு வர வேண்டும்.

பெட்டியின் மூடியைத் திறந்தால் என்ன தெரியும்? சாதாரண வீட்டுப் பெட்டியில் இரண்டு மூன்று வகைப் பிடிகள் இருக்கும். ஒரு ஓரத்தில் அகலமான மெயின் சுவிட்ச். அடுத்ததாக, அதே அளவு அகலத்தில், ஒரு சிறிய அழுத்தும் பொத்தானோடு இருப்பது ட்ரிப் சுவிட்ச். அந்தப் பொத்தானின் மேல் ஆங்கில 'டி' எழுத்து இருக்கும். அதற்குப் பக்கத்தில் வரிசையாக, விரல் அகலத்தில் நிற்பவை சின்ன பிரேக்கர்கள். நமது ஆட்கள் எல்லாவற்றையும் சேர்த்து 'ட்ரிப்' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். பேச்சுக்கு அது சரி. ஆனால் பெரிய ட்ரிப் சுவிட்ச் ஒரு காரணத்துக்கு விழும், சின்ன பிரேக்கர் வேறு காரணத்துக்கு விழும். அதனால்தான் எது விழுந்தது என்று பார்க்கச் சொல்கிறோம்.

சின்ன பிரேக்கரை முதலில் எடுப்போம். அதன் வேலை சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பது. வயர் தாங்கும் அளவுக்கு மேல் கரண்ட் நெடுநேரம் போனால் உள்ளே இருக்கும் ஒரு தகடு சூட்டில் வளைந்து பிடியை விழச் செய்யும். இதற்குச் சில நிமிஷம்கூட ஆகலாம். வயரோடு வயர் முட்டிவிட்டால் தகடு வளையும் வரை காத்திருக்காது. உள்ளே இருக்கும் காந்தச் சுருள் கண்மூடித் திறப்பதற்குள் அறுத்துவிடும். ஆகவே கேத்தலைப் போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து விழுந்தால் அது பாரம் கூடியதால் விழுந்தது. பிளக்கைச் சொருகிய அதே நொடியில் 'டப்' என்று விழுந்தால் எங்கோ முட்டியிருக்கிறது. இந்த வித்தியாசத்தைக் கவனித்து வைத்திருந்தால் எலக்ட்ரீசியனுக்குப் பாதி வேலை மிச்சம்.

இனி அதன் தோற்றம். சரியாக வேலை செய்யும்போது பிடி மேலே பார்த்து நிற்கும். அந்த இடத்தில் நேர்கோடு ஒன்று குறித்திருப்பார்கள். கீழே இறங்கினால் ஒரு வட்டம் தெரியும். கோடு என்றால் போட்டிருக்கிறது, வட்டம் என்றால் நிறுத்தியிருக்கிறது. எழுத்துப் படிக்காதவர்களும் இதைப் பார்த்துச் சொல்லலாம். ட்ரிப் விழுந்தால் பல பிரேக்கர்களில் பிடி அடிவரை இறங்கிவிடும். வரிசையில் ஒன்று மட்டும் தலை குனிந்து நிற்பது தூரத்திலிருந்தே தெரியும்.

ஆனால் எல்லாப் பிரேக்கரும் இப்படி இல்லை. சிலவற்றில் பிடி மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல் நடுவில் நின்றுவிடும். இதுதான் நமது ஆட்களை ஏமாற்றுவது. இருட்டில், டோர்ச் வெளிச்சத்தில், அவசரமாகப் பார்த்தால் அது மேலே இருப்பது போலவே தெரியும். "எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா கரண்ட் இல்ல" என்று நம்மிடம் வந்து சொன்ன பலருடைய வீட்டில் சங்கதி இதுதான். நேராக முன்னால் நின்று பார்ப்பதைவிடப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பெரட்டுக்கு வரிசையில் நிற்கும்போது ஒரு ஆள் மட்டும் கொஞ்சம் பின்னால் நின்றால் கணக்கப்பிள்ளைக்கு ஓரத்திலிருந்து பார்த்தால் தெரியுமல்லவா, அதுபோலத்தான். அந்தப் பிடியை விரல் நுனியால் தொட்டால் கொஞ்சம் தளர்வாக ஆடும்.

நடுவில் நிற்கும் பிடியை அப்படியே மேலே தள்ளினால் நிற்காது. முதலில் 'கிளிக்' என்று சத்தம் வரும் வரை கீழே முழுசாக அழுத்த வேண்டும். அதன் பிறகுதான் மேலே தள்ள வேண்டும். இது தெரியாமல் "பிரேக்கர் பழுது" என்று காசு கொடுத்துப் புதிதாக வாங்கியவர்களையும் நாம் கண்டிருக்கிறோம்.

அடுத்தது நிறம். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும். பல பிரேக்கர்களில் பிடிக்குக் கீழே நகம் அளவு ஒரு ஜன்னல் இருக்கும். அதில் சிவப்பு அல்லது பச்சை தெரியும். நமது பிள்ளைகள் தெருவிளக்குப் பாடத்தில் சிவப்பு என்றால் நில், பச்சை என்றால் போ என்று படிக்கிறார்கள். அந்த நினைப்பில் சிவப்பைப் பார்த்ததும் 'விழுந்துவிட்டது' என்று நினைப்போம். பெட்டியில் அது தலைகீழ். பெரும்பாலான பிரேக்கர்களில் சிவப்பு என்றால் உள்ளே கரண்ட் பாதை மூடியிருக்கிறது, அதாவது கரண்ட் போகிறது, தொட்டால் ஆபத்து. பச்சை என்றால் பாதை திறந்திருக்கிறது, கரண்ட் போகவில்லை. இத்தோடு முடிந்தால் பரவாயில்லை. வேறு சில கம்பெனிகள் செய்யும் பிரேக்கரில், கோளாறினால் தானாக விழுந்தால் மட்டும் ஒரு சிவப்பு அடையாளம் எட்டிப் பார்க்கும். நாம் கையால் இறக்கினால் அது வராது. அப்போது அதே சிவப்புக்கு அர்த்தம் வேறு. இன்னும் சிலவற்றில் ஜன்னலே கிடையாது.

அப்படியானால் எதை நம்புவது? உங்கள் பெட்டியை, எல்லா விளக்கும் எரிகிற ஒரு நல்ல நாளில், பகல் வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்து வையுங்கள். எந்தப் பிடி எப்படி நிற்கிறது, ஜன்னலில் என்ன நிறம் என்று கண்ணில் பதிய வையுங்கள். கோளாறு வரும் நாளில் எது மாறியிருக்கிறதோ அதுதான் விழுந்தது. நல்ல நாளில் பார்த்து வைக்காதவருக்கு எந்த நிறமும் எதையும் சொல்லாது.

இனி அகலமான ட்ரிப் சுவிட்ச். இது வயரைக் காக்க அல்ல, ஆளைக் காக்க வைத்தது. போகிற கரண்டையும் திரும்பி வருகிற கரண்டையும் இது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். கொழுந்து மடுவத்தில் நிறுத்த எடையும் தொழிற்சாலையில் இறக்கும் எடையும் ஒத்துவராவிட்டால் வழியில் எங்கோ கொட்டியிருக்கிறது என்று அறிவது போல, போனதற்கும் வந்ததற்கும் வித்தியாசம் இருந்தால் நடுவில் எங்கோ கசிகிறது என்று இது கண்டுபிடித்துவிடும். அந்தக் கசிவு ஈரச் சுவர் வழியாகவும் போகலாம், தகரக் கூரை வழியாகவும் போகலாம், ஒரு மனிதனின் உடம்பு வழியாகவும் போகலாம். வீட்டுக்குப் போடும் ட்ரிப் சுவிட்சின் அளவு சாதாரணமாக 30 மில்லி அம்பியர். 60 வோட்ஸ் குண்டு பல்ப் ஒன்று இழுக்கும் கரண்டில் இது ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. அவ்வளவு கசிந்தாலே ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் அது அறுத்துவிட வேண்டும்.

இது விழுந்தால் பொதுவாக முழு வீடும் ஒரே நேரத்தில் இருட்டாகும். சின்ன பிரேக்கர்கள் எல்லாம் மேலேதான் நிற்கும். ஒரு அறை மட்டும், அல்லது பிளக் மட்டும் செத்திருந்தால் சின்ன பிரேக்கர் விழுந்திருக்கிறது. பெட்டிக்கு முன்னால் போகும் முன்பே இவ்வளவு தெரிந்துவிடும். இடி மின்னல் நேரத்தில் காரணமில்லாமலும் ட்ரிப் சுவிட்ச் விழுவதுண்டு. சித்திரை மாதத்துப் பின்னேர இடியிலும், ஐப்பசி மழையிலும் இது நமக்குப் பழக்கமான சங்கதி. அப்படி விழுந்தால் இடி ஓய்ந்த பிறகு தூக்கினால் நிற்கும். வானம் வெளுத்த நாளிலும் விழுந்துகொண்டே இருந்தால் அது இடி அல்ல.

இந்த இடத்தில் ஒரு அனுபவத்தைச் சொல்ல வேண்டும். ஒரு தோட்டத்தில் லயம் லயமாகப் போய்ப் பார்த்துக்கொண்டு வந்தபோது, ஒரு காம்பிராவில் ட்ரிப் சுவிட்சின் பிடியைக் கட்டுக்கம்பியால் மேலே இழுத்துக் கட்டியிருந்தார்கள். வீட்டுக்காரரிடம் கேட்டோம். "விடியக்காலம் விழுந்துகிட்டே இருக்குங்கய்யா. மகன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். எத்தனை தரம்தான் எழும்பிப் போடுறது?" என்றார். நியாயமான கோபம்தான். "கட்டின பிறகு சரியாயிருச்சா?" என்றோம். "இல்லீங்க. பிடி மேலதான் இருக்கு, ஆனா கரண்ட் போயிருது. அதனால மச்சான் வந்து வேற ஒரு வயர் போட்டுக் குடுத்தாரு."

கட்டினாலும் ஏன் கரண்ட் போனது என்றால், இந்த சுவிட்சுகளைச் செய்யும்போதே, வெளியே பிடியை யாராவது பிடித்துக்கொண்டிருந்தாலும் உள்ளே அறுபட்டுவிடும்படிதான் செய்திருக்கிறார்கள். ஆகவே கட்டுவதால் ஒரு பிரயோசனமும் இல்லை. பெட்டியைப் பார்க்கிற ஆளுக்குப் பொய்யான தோற்றம் ஒன்றைக் காட்டுவது மட்டும்தான் நடக்கும். மச்சான் போட்டுக் கொடுத்த வயர் அதைவிடப் பெரிய காரியம். அது ட்ரிப் சுவிட்சைச் சுற்றிக்கொண்டு நேராகக் கரண்டை உள்ளே கொண்டுபோனது. பிறகு விழுவதே இல்லை. விழ வேண்டிய சுவிட்சுக்கு வீட்டில் நடப்பது எதுவும் தெரியாது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டு அம்மா கதவோரம் நின்றபடி, "வாளித் தண்ணியில கை வச்சா சுருக்குன்னு இருக்குதுங்க, குளிருக்குத்தானோன்னு நெனச்சேன்" என்றார். எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. விடியக்காலம் பிள்ளைகள் முகம் கழுவத் தண்ணீர் சூடாக்கும் சுருள் ஹீட்டர் ஒன்றை வாளியில் போடுவார்களாம். தொழிற்சாலை எலக்ட்ரீசியனைக் கூட்டிவந்து காட்டியபோது, அந்தச் சுருளில் மயிரிழை போல ஒரு வெடிப்பு இருந்தது. அதோடு, நிலத்தில் இறக்கியிருந்த எர்த் கம்பியின் முடிச்சு துருப்பிடித்துக் கழன்று கிடந்தது. ட்ரிப் சுவிட்ச் ஒவ்வொரு விடியற்காலையும் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். மச்சானின் வயரைக் கழற்றி, எர்த்தை முடிந்து, அந்தச் சுருளை எறிந்த பிறகு அந்தக் காம்பிராவில் ட்ரிப் விழவில்லை. மகன் படித்த மேசை விளக்கில் ஒரு குறையும் இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் எல்லாரும் அதைத்தான் சந்தேகப்பட்டிருந்தார்கள்.

விழுந்ததைப் பார்த்தாகிவிட்டது, பிறகு என்ன செய்வது? முதலில் உங்கள் கையும் காலும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டியில் கருகிய மணம் வந்தாலோ, மூடி சுட்டாலோ, பிடியைச் சுற்றிக் கறுத்திருந்தாலோ, வண்டு இரைவது போலச் சத்தம் கேட்டாலோ, கூரை ஒழுகிப் பெட்டி நனைந்திருந்தாலோ கிட்டப் போக வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டால், வீட்டிலுள்ள எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். சுவரில் சுவிட்சை ஓஃப் செய்தால் போதாது, கழற்றவே வேண்டும். பாரம் கூடி விழுந்த பிரேக்கர் என்றால் உள்ளே இருக்கும் தகடு ஆறுவதற்கு ஐந்து நிமிஷம் விடுங்கள். பிறகு பிடியைக் கீழே அழுத்தி, மேலே தள்ளுங்கள். நின்றால், பொருள்களை ஒவ்வொன்றாகச் சொருகிக்கொண்டு வாருங்கள். எதைச் சொருகும்போது விழுகிறதோ, குற்றவாளி அதுதான். எல்லாம் கழற்றியும் நிற்காவிட்டால் கோளாறு சுவருக்குள் ஓடும் வயரிங்கில் இருக்கிறது. ஒருமுறை தூக்கிப் பார்த்தது போதும். மூன்றாம் முறை, நான்காம் முறை தள்ளுவது அந்த முட்டிய இடத்தில் திரும்பத் திரும்ப நெருப்பு வைப்பதுதான்.

பாரக் கணக்கையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். பிரேக்கரின் நெற்றியில் 6, 10, 16, 20 என்று எண் இருக்கும்; முன்னால் ஆங்கில 'பி' அல்லது 'சி' எழுத்தும் இருக்கலாம். அந்த எண்தான் அம்பியர். நமது கரண்ட் 230 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் எத்தனை வோட்ஸ் தாங்கும் என்று வரும். 6 அம்பியர் என்றால் 1380 வோட்ஸ். விளக்குக்குப் போட்ட அந்த லைனில் 1800 வோட்ஸ் கேத்தலைச் சொருகினால் விழாமல் என்ன செய்யும்? கீழே கட்டத்துக்குள் 6000 என்று ஒரு எண் இருப்பதைப் பார்த்து ஆறாயிரம் வோட்ஸ் தாங்கும் என்று ஒருவர் நம்மிடம் வாதாடினார். அது வேறு கணக்கு. வயர் முட்டும்போது அந்தப் பிரேக்கர் எவ்வளவு பெரிய கரண்டை அறுக்க வல்லது என்பது.

அடிக்கடி விழுகிறது என்று 6 அம்பியரைக் கழற்றிவிட்டு 32 அம்பியரைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். விளக்குக்கு ஓடுவது 1/1.13 என்று கடையில் சொல்லும் ஒற்றை இழை வயர். பிளக்குக்குப் போடும் 7/0.67 வயரைவிட அது மெல்லியது. பெரிய பிரேக்கரைப் போட்டால் பிரேக்கர் விழாது, வயர் எரியும். நமது லயங்களில் ஒரு காம்பிராவின் கூரை அடுத்த காம்பிராவோடு ஒட்டியிருக்கிறது என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காட்டுப்பன்றிக்காகக் காய்கறிப் பாத்தியைச் சுற்றிக் கம்பி கட்டி வீட்டுக் கரண்டைக் கொடுக்கும் வேலையையும் இதோடு சேர்த்தே சொல்கிறோம். அந்தக் கம்பியில் மாட்டுவது பன்றியா, விடியக்காலம் விறகுக்குப் போன அக்காவா என்று கம்பிக்குத் தெரியாது.

இன்னும் பீங்கான் பியூஸ் உள்ள பழைய காம்பிராக்கள் சில உண்டு. அதில் பிடி கிடையாது, விழுவதும் கிடையாது. மெயின் சுவிட்சை ஓஃப் செய்துவிட்டுப் பீங்கானை இழுத்தெடுத்தால், உள்ளே கம்பி அறுந்து, பீங்கானில் கரி படிந்திருக்கும். அதற்குச் செப்புக் கம்பித் துண்டையோ சிகரெட் பெட்டி ஈயத்தாளையோ வைப்பது 32 அம்பியர் பிரேக்கர் போடுவதைவிட மோசம். இந்தப் பெட்டிகளில் ட்ரிப் சுவிட்சும் பெரும்பாலும் இருக்காது. அப்படிப்பட்ட காம்பிராவில் இருப்பவர்கள் நமது காரியாலயத்தில் பெயரைப் பதிந்து வைக்கவும்.

ட்ரிப் சுவிட்சில் உள்ள 'டி' பொத்தானை மாதம் ஒரு தரம் அழுத்திப் பாருங்கள். கரண்ட் இருக்கும்போதுதான் அழுத்த வேண்டும். அழுத்திய உடனே பிடி விழ வேண்டும். விழாவிட்டால் அந்த சுவிட்ச் செத்துவிட்டது; மேலே பார்த்து நின்றாலும் அது உங்களைக் காக்காது. சம்பளநாள் அன்று அழுத்துவது என்று வைத்துக்கொண்டால் மறக்காது. பொத்தானுக்கு விழுந்தால் சுவிட்ச் நல்லது என்றுதான் அர்த்தம், எர்த் நல்லது என்று அல்ல. எர்த்தை எலக்ட்ரீசியன்தான் சோதிக்க வேண்டும்.

யாருக்காவது கரண்ட் அடித்து ஒட்டிக்கொண்டால் ஆளைத் தொடாமல் மெயின் சுவிட்சை இறக்குங்கள். முடியாவிட்டால் காய்ந்த பலகையாலோ பிளாஸ்டிக் கதிரையாலோ தள்ளி விடுங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் காசில்லாமல் அம்புலன்ஸ் வரும். எழும்பி நடந்தாலும் ஒரு தரம் ஆஸ்பத்திரிக்குக் காட்ட வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு, கரண்ட் இல்லாத பழைய பெட்டி ஒன்றைப் பிள்ளைமடுவத்துக்குக் கொண்டுவருகிறோம். மூன்று விதமான பிரேக்கரும் ஒரு ட்ரிப் சுவிட்சும் அதில் இருக்கும். நடுவில் நிற்கும் பிடி எப்படித் தெரியும் என்று ஒவ்வொருவரும் பக்கவாட்டில் நின்று பார்க்கலாம், கீழே அழுத்தி மேலே தள்ளிப் பழகலாம். பெண்கள் கட்டாயம் வர வேண்டும். ட்ரிப் விழும் நேரத்தில் அதிகமாக வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தான். வரும்போது உங்கள் வீட்டுப் பெட்டியில் எத்தனை பிடி இருக்கிறது, எந்தப் பிடியை இறக்கினால் எந்த விளக்கு அணைகிறது என்று பிள்ளையைக்கொண்டு ஒரு தாளில் எழுதி எடுத்துவாருங்கள். அதைப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவைக்கப் பசை நாங்கள் தருகிறோம்.